ஓசூர் கடிகாரத்துக்கு மொசார்ட் மெட்டு வந்த கதை

டைட்டன் விளம்பர மெட்டை முணுமுணுக்கச் சொன்னால், தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்தவர்கள் யோசிக்காமல் முணுமுணுத்துவிடுவார்கள். அந்த மெட்டைப் போட்டது யார் என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஒன்றாக வரும். ரஹ்மான் என்பார் ஒருவர். மொசார்ட் என்பார் விவரம் தெரிந்த இன்னொருவர். இளையராஜாவாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்பவரும் உண்டு. ஓசூர்க்காரருக்கோ அது "நம்ம கம்பெனி மியூசிக்". இளையராஜாவைச் சொன்னவரைத் தவிர மற்ற மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்த மெட்டின் பிறப்பை ஒரே தேதியில், ஒரே ஊரில் அடக்கிவிட முடியவில்லை.

1773, சால்ஸ்பர்க்

1773 கோடையில், பதினேழு வயது மொசார்ட்டை அவருடைய அப்பா லியோபோல்ட் வியன்னாவுக்கு அழைத்துப் போனார். மகனுக்கு அரண்மனையில் ஒரு வேலை பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. வேலை கிடைக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் இருவரும் சால்ஸ்பர்க் திரும்பினார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி, ஜி மைனரில் ஒரு சிம்பொனியை மொசார்ட் எழுதி முடித்தார். 25-ஆம் சிம்பொனி என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

அந்தக் காலத்துச் சிம்பொனிகள் பெரும்பாலும் மேஜரில்தான் இருக்கும். பிரபுக்களின் மாளிகையில் மலர்ந்த முகத்தோடு கேட்கிற இசை அது. மொசார்ட்டே ஜி மைனரில் எழுதியவை இரண்டுதான்: இதுவும், 1788-இல் எழுதிய புகழ்பெற்ற 40-ஆம் சிம்பொனியும்.

25-ஆம் சிம்பொனி எடுத்த எடுப்பிலேயே படபடக்கும். வயலின்கள் தாளத்தின் மேல் விழாமல் இடுக்கில் விழுந்துகொண்டே இருக்கும். முதல் நான்கு சுரங்களை, ஜி-யை ஷட்ஜமாக வைத்து நம் கணக்கில் சொன்னால், ஷட்ஜம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். கீரவாணி கேட்டுப் பழகிய காதுக்கு நான்குமே தெரிந்த முகங்கள்.

இதில் இன்னொரு வேலையும் இருக்கிறது. அன்றைய ஹார்ன் வாத்தியத்தில் வால்வு கிடையாது. ஒரு குழலில் இன்னின்ன சுரம்தான் வரும் என்று வரையறை உண்டு. மைனருக்கு வேண்டியதெல்லாம் ஒரே சுருதிக் குழலில் கிடைக்காது. மொசார்ட் வழக்கமான இரண்டு ஹார்னுக்குப் பதில் நான்கு வைத்தார். இரண்டு ஜி-யில், இரண்டு பி ஃபிளாட்டில். ஒரு ஜோடியில் இல்லாத சுரத்தை மற்ற ஜோடி கொடுத்துவிடும். மெட்டை யோசிப்பது ஒரு திறமை. எந்தச் சுரத்தை எந்த வாத்தியத்தில், யாரை வைத்து, எப்போது ஒலிக்கவிடுவது என்று கட்டுவது வேறொரு திறமை. கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் இதை அரேஞ்ச்மென்ட் என்பார்கள். இந்த மெட்டு ஓசூர் வரை வந்து சேர்ந்ததற்குக் காரணமே அந்த இரண்டாவது திறமைதான்.

மொசார்ட் இதை எழுதியபோது ஓசூர் ஹைதர் அலியின் மைசூர் ராஜ்யத்தில் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், ஓசூர்க் கோட்டை கும்பினிப் படையின் கைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வியன்னாவில் மொசார்ட் இறந்தார். வெள்ளைக்காரப் படைகளோடு அவர்களுடைய பேண்டு வாத்தியமும் தென்னாட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்டவர்களில் ஒருவர் முத்துசுவாமி தீட்சிதர். இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டிலேயே சம்ஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். நோட்டுஸ்வரம் என்ற வகையே அப்படிப் பிறந்தது. ஐரோப்பிய மெட்டை வாங்கி நம் உடுப்பைப் போட்டுவிடும் பழக்கம் இங்கே இருநூறு ஆண்டுகளாக இருக்கிறது. 1961-இல் 'சாயா' இந்திப் படத்துக்காக மொசார்ட்டின் 40-ஆம் சிம்பொனியைக் காதல் பாட்டாக்கிய சலில் சௌத்ரியும் அந்த வழியில் வந்தவர்தான்.

ஒரு லைசென்ஸ், ஒரு சிப்காட்

1970களில் இந்தியாவில் கைக்கடிகாரம் என்றாலே எச்.எம்.டி. பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து 1961-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. தினமும் சாவி கொடுக்க வேண்டும், கடையில் கேட்ட மாடல் கிடைக்காது. பளபளப்பாக வேண்டும் என்பவர்கள் சென்னை பர்மா பஜாருக்குப் போய்க் கடத்தல் வாட்ச் வாங்கினார்கள்.

இந்த நிலையில்தான் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ கடிகாரத் தொழிற்சாலை ஒன்றை யோசித்தது. டிட்கோ பொறுப்பில் அப்போது இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஐராவதம் மகாதேவன். சிந்து சமவெளி எழுத்துக்கும் தமிழ்ப் பிராமிக்கும் உழைத்த அதே மகாதேவன்தான். டாடா பிரஸ்ஸில் இருந்த அனில் மன்சந்தா, செர்க்ஸஸ் தேசாய் ஆகியோரிடம் பேச்சு போனது. தில்லியில் அனுமதி வாங்குவதற்குள் ஆண்டுகள் ஓடின. அரசாங்கமே கடிகாரம் செய்யும்போது தனியாருக்கு எதற்கு என்ற கேள்வி குறுக்கே நின்றது. ஒருவழியாக 1984 ஜூலையில் டைட்டன் வாட்சஸ் பதிவானது. டாடாவும் டிட்கோவும் கூட்டாளிகள். டிட்கோ கையில் இன்றும் 27.88 சதவீதப் பங்கு இருக்கிறது. தொழில்நுட்பம் பிரான்சின் எபோஷ் கம்பெனியிடமிருந்து வந்தது.

இடம் ஓசூர் சிப்காட். அன்றைய தருமபுரி மாவட்டத்தில் பின்தங்கிய பகுதி என்பதால் சலுகைகள் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். பெங்களூர் நாற்பதே கிலோமீட்டர். எச்.எம்.டி.யில் கை பழகிய பொறியாளர்கள் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் போதும், வேலைக்கு வந்துவிடலாம். லாரியும் மொபெட்டும் செய்துகொண்டிருந்த ஊருக்கு, தூசி படாத அறையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு செய்கிற வேலை புதுசு.

அந்த வேலைக்கு ஆள் எடுத்த விதமும் புதுசு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்தார்கள். வீட்டைவிட்டு ஒருநாளும் வெளியே தங்கியிராத பெண் பிள்ளைகளை ஓசூருக்கு அனுப்ப எந்த அப்பாவுக்கு மனசு வரும்? அதனால் ஓசூரிலேயே வளர்ப்புப் பெற்றோர் ஏற்பாடு செய்து, அந்தக் குடும்பங்களில் தங்கவைத்தார்கள். செவித்திறன் இல்லாதவர்களையும் கடிகாரம் பூட்டும் வேலைக்கு எடுத்தார்கள். கண்ணும் விரலும் ஒன்றாக நிற்க வேண்டிய வேலையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்களாக இல்லை.

அவர்கள் பூட்டிய கடிகாரத்துக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால், அங்கேயும் இசைதான். சாவி கொடுக்கிற வாட்ச் இல்லை, குவார்ட்ஸ். பேட்டரிக்குப் பக்கத்தில் அரிசி அளவுக்கு ஓர் உலோகக் குப்பி இருக்கும். அதற்குள் படிகக் கல்லில் வெட்டிய ஒரு துணுக்கு. பள்ளிக்கூட அறிவியல் கூடத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காட்டுவார்களே இசைக்கவை, அதே வடிவம். மின்சாரம் பட்டதும் அது நொடிக்கு 32,768 தடவை அதிரும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 வரைதான் கேட்கும் என்பதால் அந்தச் சுருதி நமக்குக் கேட்காது. உள்ளே இருக்கிற சில்லு அந்த எண்ணைப் பாதியாக்கும், மறுபடி பாதியாக்கும், இப்படிப் பதினைந்து தடவை. கடைசியில் மிஞ்சுவது நொடிக்கு ஒன்று. முள் ஒரு அடி நகரும். இசையில் அதிர்வெண் பாதியானால் ஒரு ஸ்தாயி கீழே வந்துவிட்டோம் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால், கேட்காத ஒரு சுருதி பதினைந்து ஸ்தாயி இறங்கி வந்துதான் நம் மணிக்கட்டில் நேரமாகிறது.

வார்த்தையில்லாத பாட்டு

1987-இல் டைட்டன் கடைக்கு வந்தது. தேசாய் வாட்சை நேரம் பார்க்கிற கருவியாக விற்க விரும்பவில்லை. அழகுப் பொருளாக, பரிசாக விற்க நினைத்தார். ஓசூரில் ஊழியர் குடியிருப்பை வடிவமைக்கச் சார்லஸ் கோரியாவை அழைத்த மனிதர் அவர். தோற்றத்தில் சமரசம் கிடையாது. செய்தித்தாளில் வரிசையாக மாடல்களும் விலையும் போட்டுப் பட்டியல் விளம்பரம் வந்தது. தொலைக்காட்சிக்கு என்ன செய்வது?

விளம்பரத்தைக் கையில் எடுத்தது ஓகில்வி அண்ட் மேதர். அங்கே படைப்புத் தலைவராக இருந்த சுரேஷ் மல்லிக்தான் மொசார்ட்டின் 25-ஆம் சிம்பொனியைத் தேர்ந்தெடுத்தவர். 1988 சுதந்திர தினத்தில் தூர்தர்ஷனில் ஒலித்து, பல மொழிகளை ஒரே மெட்டில் கோத்த அந்த ஒருமைப்பாட்டுப் பாடலின் பின்னால் இருந்தவரும் இவர்தான். ஒன்றில் பல மொழி, மற்றதில் மொழியே இல்லை. இரண்டுமே நாடு முழுவதற்கும் ஒரே ஒரு தொலைக்காட்சி இருந்த காலத்துக்கான விடைகள்.

ஏன் இந்த மெட்டு? 1984-இல் வந்து எட்டு ஆஸ்கர் வாங்கிய 'அமேடியஸ்' படம் தொடங்குவதே இந்தச் சிம்பொனியின் படபடப்போடுதான். நகரத்தில் படம் பார்த்தவர்களின் காதில் அது ஏற்கெனவே ஏறியிருந்தது. படம் பார்க்காதவர்களுக்கு, 'வெளிநாட்டு வாட்ச் மாதிரி ஏதோ ஒன்று' என்ற எண்ணத்தை அது கொடுத்தது. பர்மா பஜாரோடு மோத வந்த கம்பெனிக்கு அந்த எண்ணம் பெரிய முதல். இருநூறு ஆண்டுப் பழைய மெட்டுக்கு உரிமைத் தொகை கேட்டு யாரும் வர மாட்டார்கள் என்பது இன்னொரு லாபம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய லாபம், அதில் வார்த்தை இல்லை. நிர்மாவுக்கும் விக்கோவுக்கும் பாட்டு இருந்தது. பாட்டு என்றால் மொழி வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்ததில் உயிர் போயிருக்கும். ஓசூர்ச் சந்தையில் கத்தரிக்காய் விலையைத் தெலுங்கில் கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் சலித்துக்கொள்கிற மனிதருக்கு எந்த மொழியில் விளம்பரம் எழுதுவது? மொசார்ட் அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை.

திலீப் என்கிற கீபோர்டு பையன்

அதே 1987-இல், கோடம்பாக்கத்தில் இருபது வயது கீபோர்டுக் கலைஞர் ஒருவர் முதன்முதலாக ஒரு விளம்பரத்துக்கு இசை அமைத்தார். அதுவும் கடிகார விளம்பரம்தான். டைட்டனுக்கு அல்ல, போட்டிக் கம்பெனியான ஹைதராபாத் ஆல்வினுக்கு! அவர் பெயர் அப்போது திலீப். பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான்.

அப்பா ஆர்.கே. சேகர் மலையாள சினிமாவில் தானே இசையமைத்தவர். அதைவிட அதிகமாக, மற்ற இசையமைப்பாளர்களுக்கு வாத்தியக்கோப்பு எழுதிக் கொடுத்தவர், ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர். 1976-இல் மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் இறந்துவிட்டார். அவர் வாங்கி வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் ஓடியது. மகன் மேற்கத்திய இசையின் அரிச்சுவடியைத் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றார். மயிலாப்பூர் சாய் லாட்ஜ் அறையில் இளையராஜாவுக்குப் பாடம் சொன்ன அதே மாஸ்டர்தான். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனார். எம்.எஸ். விஸ்வநாதனுக்கும் வாசித்தார். சிவமணி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்ற நண்பர்களோடு ராக் இசைக் குழுவில் வாசித்தார். டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வுகள் வழியாக மேற்கத்திய செவ்வியல் இசையையும் முறையாகப் படித்தார்.

ஆல்வினில் தொடங்கிய விளம்பர வேலை அடுத்த ஐந்தாண்டுகளில் முந்நூறைத் தாண்டியது. லியோ காபி, பூஸ்ட், ஏஷியன் பெயின்ட்ஸ், பிரீமியர் குக்கர் என்று பட்டியல் நீளும். அதில்தான் டைட்டனும் வருகிறது. மொசார்ட்டின் மெட்டை வைத்து டைட்டனுக்கு அவர் இசை அமைத்தார். மல்லிக் தேர்ந்தெடுத்த மெட்டு, அதற்கேற்ற பயிற்சி உள்ளவர் கையில் வந்து விழுந்தது. மைனரின் இலக்கணமும் தெரியும், சின்தசைசரின் நெளிவு சுளிவும் தெரியும், நம் ஊர்க் காதுக்கு எது இனிக்கும் என்றும் தெரியும்.

விளம்பர இசை கறாரான பள்ளிக்கூடம். சினிமாப் பாட்டில் பல்லவிக்கு முன்னால் முப்பது நொடி வாசித்து ஆளைத் தயார் செய்யலாம். விளம்பரத்துக்கு மொத்தமே முப்பது நொடிதான். முதல் மூன்று நொடியில் அடுப்படியில் இருப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும், கடைசி நொடியில் கம்பெனிப் பெயர் மனதில் நிற்க வேண்டும். நடுவே அதிகப்படியாக ஒரு சுரம் வந்தால்கூட வெட்டுவார்கள். மெட்டு ஏற்கெனவே இருப்பதாகவும் இருக்கலாம். அப்போது உங்கள் வேலை முழுக்க ஒலியைக் கட்டுவதுதான். வயலினா புல்லாங்குழலா, எவ்வளவு எதிரொலி, எங்கே மௌனம்.

வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டி, பாட்டின் ஓசையைத் தானே இழைத்து இழைத்து உருவாக்கும் வழக்கத்துக்கு ரஹ்மான் வந்த காலமும் இதுதான். லியோ காபி விளம்பரத்துக்காக விருது வாங்கிய விழா ஒன்றில் மணிரத்னம் அறிமுகமானார். 1992-இல் 'ரோஜா' வந்தது. அன்றைக்கு ஜனங்கள் வியந்தது மெட்டை மட்டுமல்ல, அந்த ஒலியை. டீக்கடை ஸ்பீக்கரில்கூட அது வேறு மாதிரிக் கேட்டது.

ஒரே மெட்டு, பல உருவம்

டைட்டன் செய்த புத்திசாலித்தனம், மெட்டை மாற்றாமல் இருந்தது. விளம்பர ஏஜென்சிகள் ஆண்டுக்கொரு பாட்டு கேட்கும், வாடிக்கையாளருக்கும் அலுக்கும். டைட்டன் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு வாத்தியத்தை மட்டும் மாற்றியது. ஒருமுறை வயலின் கூட்டம், ஒருமுறை தனிப் புல்லாங்குழல், ஒருமுறை நாட்டுப்புறச் சாயல், இன்னொருமுறை கிடார். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் பரீட்சை, மாப்பிள்ளைக்குச் சீர் என்று எந்தப் பரிசுக் காட்சிக்கும் அதே மெட்டு பொருந்தியது. மைனரின் லேசான ஏக்கம் பிரியாவிடைக்கு ஒத்துவரும், வேகத்தைக் கூட்டினால் கொண்டாட்டத்துக்கும் ஒத்துவரும்.

இதில் ஒரு விளம்பரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பேராசிரியர் ஒருவருக்கு அன்று கடைசி வகுப்பு. அவர் பாடத்தை முடிக்கப் பார்க்கிறார். பின்னால் ஒரு மாணவன் மேசையைத் தட்டுகிறான். முதலில் ஒழுங்கீனம் மாதிரித்தான் தெரிகிறது. இன்னொரு மேசையிலிருந்து பதில் தட்டு வருகிறது. தட்டல்கள் சேர்ந்து தாளமாகின்றன, தாளத்தின் மேல் மெட்டு வருகிறது. அது டைட்டன் மெட்டு என்று நமக்குப் புரியும்போது வகுப்பு முழுவதும் வாசித்துக்கொண்டிருக்கிறது. பிறகு பரிசாக ஒரு வாட்ச். சிம்பொனியின் வயலின்கள் தாளத்தின் இடுக்கில் விழும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தத் துள்ளல் மேசைத் தட்டலாகவே வருகிறது. ஆர்கெஸ்ட்ரா தேவைப்படவில்லை.

இந்த அளவுக்கு ஒரு மெட்டு பழகிவிட்டால் அது எழுதியவர் கையை விட்டுப் போய்விடுகிறது. கச்சேரி அரங்கில் 25-ஆம் சிம்பொனியைக் கேட்கும் இந்தியருக்கு வாட்ச் ஞாபகம் வருவது இன்று சாதாரணம். தன் உழைப்பில் ஓடிய கடிகாரத்தின் குரலாக அந்த மெட்டை முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கேட்டவர் அதை 'நம்ம மியூசிக்' என்று சொன்னால், அந்தச் சொந்தத்தை மொசார்ட்டே வந்தாலும் மறுக்க முடியாது.

பெயர் யாருக்கு?

ஆனால் ஒரு நெருடல் மிச்சம் இருக்கிறது. சினிமாவில் டைட்டில் கார்டு உண்டு, கேசட்டில் உறை உண்டு. விளம்பரத்தில் எதுவும் கிடையாது. முப்பது நொடியில் கம்பெனிப் பெயர் ஒன்றுக்குத்தான் இடம். மெட்டைத் தேர்ந்தெடுத்தவர், அதை வெட்டித் தைத்தவர், ஒவ்வொரு உருவத்துக்கும் வாசித்த புல்லாங்குழல்காரர், கிடார்காரர் யாருமே அதில் வருவதில்லை. மெட்டு போட்டது யார் என்று கேட்டால் ஊருக்கே குழப்பம் வருவதற்கு அதுதான் காரணம். பழைய சினிமாவிலும் இதே நிலைதான். இசையமைப்பாளர் பெயர் பெரிதாக வரும். வாத்தியக்கோப்பு எழுதியவர் பெயர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆர்.கே. சேகர் தன் உழைப்பில் பெரும்பகுதியை அந்த நிழலில்தான் செலவழித்தார்.

அந்த அப்பாவின் மகன், அதே பெயரில்லாத விளம்பர உலகில் ஐந்தாண்டு வேலை செய்துவிட்டு வந்தவர், பின்னாளில் தன் கேசட், சி.டி. உறைகளில் ஒரு காரியம் செய்தார். பாடகர்கள் பெயரோடு நிறுத்தவில்லை. புல்லாங்குழல் யார், கிடார் யார், வயலின் குழுவை நடத்தியது யார், ஒலிப்பதிவு செய்த பொறியாளர் யார் என்று அச்சடித்தார். 1995-இல் 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசை வந்தது. அதுவும் வார்த்தையில்லாத மெட்டுதான். பிறகு 'லார்ட் ஆஃப் வார்' போன்ற வெளிநாட்டுப் படங்கள் வரை போனது. அதில் புல்லாங்குழல் வாசித்தவர் நவீன் என்று சாதாரண ரசிகருக்கும் தெரியும். முந்தைய தலைமுறையில், ஒரு புகழ்பெற்ற பாட்டின் புல்லாங்குழல் யாருடையது என்று கேட்டால் ஸ்டுடியோவுக்கு உள்ளே இருப்பவர்கள்தான் சொல்வார்கள்.

பெயர் போடுவதற்குத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, உறையில் இரண்டு அங்குல இடம் போதும். அதைக் கொடுக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான். இன்று விளம்பரங்கள் இணையத்தில் வருகின்றன. படத்துக்குக் கீழே எத்தனை வரி வேண்டுமானாலும் எழுத இடம் கிடக்கிறது. முப்பது நொடியில் இடமில்லை என்ற பழைய காரணம் இனிச் செல்லாது.